பூஜையில் வைத்த டெம்பரேச்சர் நோட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, சரஸ்வதி பூஜையன்று மதியம் இரண்டு மணிக்கு, மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். நான் செய்தது அவ்வளவுதான். அதை மறுநாள் திரும்ப மாட்டியபோது நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய மாடி வீடு, பன்னிரண்டு படுக்கைகள், ஒரு லேபர் ரூம், ஒரு ஆபரேஷன் தியேட்டர். எனக்கு மேனேஜர் என்று பெயர். தண்ணீர் லாரிக்கு போன் செய்வது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வைப்பது, லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பது, எல்லாம் மேனேஜர் வேலைதான். மருத்துவம் மட்டும் தெரியாது. பதினெட்டு வருடங்களாக லேபர் ரூம் கதவுக்கு வெளியே நின்றே பழகியவன் நான்.

ஆனால் ஆயுத பூஜை என்று வந்துவிட்டால் அது முழுக்க என் இலாகா. பத்து நாள் முன்பே லிஸ்ட் போட்டுவிடுவேன். முன் ஹாலில் மேஜை போட்டு, சாமி படம் வைத்து, ஸ்டெதஸ்கோப், பி.பி. பார்க்கும் கருவி, குழந்தை எடை பார்க்கும் தராசு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து வரிசையாக அடுக்குவோம். தூக்க முடியாததற்கு இருந்த இடத்திலேயே சந்தனம், குங்குமம், பூச்சரம். ஜெனரேட்டருக்குக்கூட மாலை உண்டு. கூடவே சரஸ்வதி பூஜை என்பதால் புத்தகம், ரிஜிஸ்டர், நோட்டு எல்லாம் மேஜைக்கு வந்துவிடும். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும், அதுவரை படிக்கவோ எழுதவோ கூடாது. எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து அப்படித்தான். பரீட்சைக்கு முதல் நாளாக இருந்தாலும் புத்தகம் கிடைக்காது என்பதால் எனக்கு அந்த வழக்கத்தின் மேல் தனி அபிமானமே உண்டு.

நோயாளிகளின் கேஸ் ஷீட்டை மட்டும் விட்டுவிடுவோம். அந்த அளவுக்கு எனக்கும் விவரம் இருந்தது.

அந்த வருடம் புதிதாக சீரியல் லைட் வாங்கியிருந்தேன். வாசலில் கட்டியது போக ஒரு சரம் மிச்சம். லேபர் ரூமுக்குப் போகும் நடையில் கட்டினால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அந்த நடையில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் மருந்து வைக்கும் சின்ன ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. துடைப்பதற்காக அதை எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும். துடைத்தோம், பொட்டு வைத்தோம், கதவின் குறுக்கே மாலையும் போட்டோம். மெஷினுக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்த ஆயாம்மா சிரித்தார். சாயங்காலம் பூஜை முடிந்ததும் திரும்ப மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறந்துவிட்டேன்.

பிளக் கையில் இருந்தபோதுதான் அந்தத் தையல்காரர் வந்தார். ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவர். மயிலாப்பூர்ப் பெண்கள் பாதிப் பேரின் நவராத்திரி ஜாக்கெட் அவர் மெஷினில்தான் தைக்கப்படும். அவர் மனைவியை அன்று காலையில்தான் அட்மிட் செய்திருந்தார்கள். மூன்றாவது பிரசவம். அவசரமாகக் கடையிலிருந்து வந்திருக்கிறார், கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்குகிறது.

"போன தடவை வேற ஊர்ல ஆச்சு சார். பையன் நல்லாத்தான் பொறந்தான். கொஞ்ச நேரத்துல நர்ஸுங்க எல்லாம் இப்படியும் அப்படியும் ஓட ஆரம்பிச்சுட்டாங்க. ரத்தம் நிக்கவே இல்ல. மூணு பாட்டில் ஏத்தினாங்க. இந்தத் தடவை அந்த மாதிரி ஆவாதில்ல சார்?"

"எல்லாம் ரெடியா இருக்கு பாய். ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்றேன். சொல்லிக்கொண்டே சீரியல் லைட்டை பாயின்ட்டில் சொருகினேன். சிவப்பும் பச்சையுமாக எரிந்தது. அவரும் நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்கு சார்" என்றார்.

அந்த ஃப்ரிட்ஜில் என்ன இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் ஓர் ஊசி போடுவார்கள். ஆக்ஸிடோசின் என்று பெயர். கர்ப்பப்பையை இறுகச் சுருங்க வைக்கும். அது சுருங்கினால்தான் உள்ளே திறந்திருக்கும் ரத்தக்குழாய்கள் மூடிக்கொள்ளும். சுருங்காவிட்டால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், சில சமயம் உயிரே போய்விடும். ரத்தப்போக்கு வந்த பிறகு ஓடுவதைவிட வராமல் தடுப்பதற்காக எல்லாத் தாய்மாருக்கும் போடுகிற ஊசி அது. எங்கள் ஆஸ்பத்திரியில் வாங்கும் மருந்தின் அட்டையில் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று போட்டிருக்கும். வெளியில் கிடந்தால் வீரியம் குறையலாம். வீரியம் இருந்தாலும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், போனாலும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நிறத்தையோ வாசனையையோ வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

அதற்காகத்தான் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அதைப் பார்த்து எழுத ஒரு நோட்டு. டெம்பரேச்சர் நோட்டு என்போம். சீனியர் சிஸ்டர்தான் எழுதுவார். பண்டிகை நாட்களில் ஆள் குறைவு என்பதால் அன்று அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். ஏற்றுக்கொண்டு, நோட்டைச் சந்தனப் பொட்டு வைத்துப் பூஜை மேஜையில் அடுக்கிவிட்டேன். எழுதக்கூடாத நாள் ஆயிற்றே! நோட்டு இருந்திருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்திருப்பேன். திறந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நல்ல பூஜை, நல்ல சுண்டல். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். அன்றிரவு வேறு பிரசவம் இல்லாததால் அந்த ஃப்ரிட்ஜை யாரும் திறக்கவும் இல்லை.

மறுநாள் விஜயதசமி. காலை எட்டரைக்கு வந்தேன். தையல்காரரின் மனைவிக்கு விடியற்காலையிலிருந்தே வலி என்றார்கள். சீனியர் சிஸ்டர் லேபர் ரூமுக்குள் இருந்தார். ஒரு நிமிடம் வெளியே தலையை நீட்டி, "சார், அந்த மினுக் மினுக் லைட்டை முதல்ல கழட்டுங்க. உள்ள கண்ணாடியில அடிக்குது, அவங்களுக்குத் தலை சுத்துதாம்" என்றார். கழற்றப் போனேன்.

சீரியல் லைட்டின் பிளக்கைப் பிடுங்கியபோதுதான் கீழே தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு பிளக் கண்ணில் பட்டது. அது என்ன என்று புரிய ஒரு வினாடி ஆனது. மாலையை நகர்த்தி ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே லைட் எரியவில்லை. நடையில் என்ன சூடோ அதே சூடுதான் உள்ளேயும். தெர்மாமீட்டர் இருபத்தெட்டு காட்டியது. மேல் தட்டில் இருந்த ஐஸ் பேக் எல்லாம் உருகித் தொளதொளவென்று கிடந்தன. ஊசி மருந்துப் பெட்டி தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

சுற்றிலும் பார்த்தேன். நடையில் ஒருவரும் இல்லை. பிளக்கை மாட்டினேன். ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. கதவை மூடி, மாலையையும் பழையபடி சரியாக இழுத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் குளிர்ந்துவிடும், யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் ஞாபகம்தான் வந்தது. பதினெட்டு வருடப் பேர் போய்விடுமே என்ற பயம்தான் இருந்தது.

முன் ஹாலுக்குப் போனேன். கற்பூரம் காட்டிப் புனர்பூஜையை முடித்தேன். அடுக்கிலிருந்து டெம்பரேச்சர் நோட்டை எடுத்துப் பிரித்தேன். நேற்று மாலைக்கான கட்டம் காலி. இன்று காலைக்கான கட்டம் காலி. பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் நாலு என்று எழுதினேன். இரண்டாவதில் அஞ்சு என்று எழுதினேன். இரண்டிலும் ஒரே எண் இருந்தால் சந்தேகம் வருமாம், அதனால் மாற்றிப் போட்டேன். அவ்வளவு சாமர்த்தியம்! விஜயதசமியன்று முதலில் எழுதுவது நல்லதாக இருக்க வேண்டும் என்று ஊரிலுள்ள குழந்தைகளையெல்லாம் பட்டுப்பாவாடை கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போகும் காலை நேரத்தில், நான் எழுதிய முதல் எழுத்து அது.

நோட்டோடு திரும்பி வரும்போது நடை பெஞ்சில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"ராத்திரி பூரா பயந்துக்கிட்டே இருந்தா சார். மேனேஜர் சாரே சொல்லிட்டாரு, எல்லாம் ரெடியா இருக்காம்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் கொஞ்சம் கண்ணை மூடினா."

லேபர் ரூம் கதவு வரைக்கும் நடந்தேன். பெரிதாக மனசாட்சி பேசியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். என் பேச்சை நம்பி ஒரு பெண் தூங்கியிருக்கிறாள் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டி சிஸ்டரை வெளியே கூப்பிட்டேன்.

"சிஸ்டர், ஃப்ரிட்ஜ் நேத்து மதியத்துலேருந்து ஆஃப்ல இருந்திருக்கு. லைட் போடறதுக்காக நான்தான் பிளக்கை எடுத்தேன்."

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"ரெண்டு மணி."

"எப்ப மாட்டினீங்க?"

"இப்பதான். ஒன்பது மணி இருக்கும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தொன்பது மணி நேரம்" என்றார். உள்ளே போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தார்.

எங்கள் டாக்டரம்மா மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தாலும் குரல் ஏறாது. அதுதான் பயமே. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு நாள் வெளியில இருந்ததால ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். ஆனா மருந்தைப் பார்த்துண்டே நின்னா அது தெரியாது. யாருக்கா இருந்தாலும் அதைப் போட மாட்டேன். இவளுக்கு நிச்சயமா மாட்டேன். ரத்தம் ரிசர்வ் பண்ணி வெச்சிருக்கேன், ரத்தத்தை நிறுத்த மாத்திரை இருக்கு, அதுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஆனா அதெல்லாம் ரெண்டாவது. எனக்கு முதல்ல ஊசி வேணும். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குன்னு நினைக்கறேன், அதுக்கு முன்னாடியும் ஆகலாம். போங்கோ."

அந்த ஃப்ரிட்ஜில் இருந்த எல்லா மருந்தையும் சிஸ்டர் ஒரு தட்டில் எடுத்து, மேலே 'உபயோகிக்கக் கூடாது' என்று எழுதி, தனியாக வைத்துப் பூட்டினார். அந்தத் தட்டு நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தடுப்பூசி எடுத்துப்போகும் ஐஸ் பெட்டி எங்களிடம் இருந்தது. ஐஸ் பேக் எல்லாம் உருகிப்போனதால் பால் வைக்கும் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளைத் தட்டி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டேன். தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடியை மறைக்கும் அளவுக்குச் சாமந்தி மாலை. டிரைவர் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னா சார், பண்டிகையும் அதுவுமா மீன் வாங்கப் போறியா?"

"மருந்துங்க. பிரசவ கேஸ். சீக்கிரம் போகணும்."

அதற்கப்புறம் அவர் கிண்டல் பண்ணவில்லை. "குந்து சார்" என்று சொல்லி வண்டியை முறுக்கினார்.

முதலில் லஸ் பக்கம் ஒரு மருந்துக் கடை. லீவு நாளிலும் திறந்திருந்தது. கேட்டதும் கடைக்காரர் பின்னால் திரும்பி, சுவரோரம் இருந்த ரேக்கிலிருந்து அதே மருந்தை எடுத்து வைத்தார். ஃப்ரிட்ஜ் கடை மூலையில் இருந்தது, இது அதிலிருந்து வரவில்லை.

"இது வெளியிலயா இருந்தது?"

"காலையில ஸ்டாக் எடுத்து அடுக்கினோம். ஒண்ணும் ஆகாது சார், எடுத்துட்டுப் போங்க."

ஒண்ணும் ஆகாது. முந்தின நாள் அதே இரண்டு வார்த்தையைத்தான் நானும் சொல்லியிருந்தேன். ஒரு நாளைக்கு முன்னால் என்றால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், சத்தியமாக. வேண்டாம் என்று சொல்லிவிட்டு சிஸ்டருக்கு போன் போட்டேன். டாக்டரம்மா அடையாறில் இருக்கும் தன் சிநேகிதியின் ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டார், அங்கே போய் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மணி பத்து.

மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்த ரோடுகளில் எந்தச் சந்து எங்கே திறக்கும் என்பது ஆட்டோக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மந்தைவெளி முனையில் திடீரென்று வண்டியை ஒடித்தார். நடுரோட்டில் திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய், குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது.

"எப்டி ஒட்ச்சு வச்சிக்கீறானுங்க பாத்தியா சார்? நேத்து சாயங்காலம் இங்கதான் ஒரு அம்மா வண்டியோட வுழுந்துச்சு."

"நீங்க உடைக்கலையா?" என்றேன்.

"ஒடைக்காம? வண்டிக்கு சுத்திப் போடாம இருக்க முடியுமா? ஆனா ஒடச்ச கையோட ஓரமாத் தள்ளிட்டேன். பூஜை போடறது நாம, வுழறது வேற எவனோல்ல?"

அவருக்கு என் விஷயம் எதுவும் தெரியாது. மருந்துப் பெட்டியோடு வந்த ஒருவனிடம் சும்மா பேசிக்கொண்டு வந்தார். எனக்குச் சுருக்கென்றது. மடியில் இருந்த பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடையாறு ஆஸ்பத்திரியில் எனக்காக ஒரு நர்ஸ் காத்திருந்தார். நான் கொண்டுபோன பெட்டியைத் திறந்தவர், ஐஸ் கட்டிகளைப் பார்த்து, "இதுல அப்படியே வெச்சா மருந்து உறைஞ்சு போயிடும், அதுவும் தப்புதான்" என்றார். ஐஸ் கட்டிகளைக் கொட்டிவிட்டு, தங்களுடைய ஐஸ் பேக்குகளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரை எனக்குக் காட்டினார். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஓர் ஆணியில் நோட்டு தொங்கியது, அதில் நூல் கட்டிய பேனா. நேற்று மாலையும் எழுதியிருந்தது, இன்று காலையும் எழுதியிருந்தது.

"நேத்து நீங்க நோட்டெல்லாம் பூஜையில வைக்கலையா?" என்று கேட்டேன்.

"வெச்சோமே. இதை மட்டும் வைக்க மாட்டோம்" என்றார். அதை ஒரு பெரிய விஷயமாகவே அவர் சொல்லவில்லை. பெட்டியை மூடிக் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது பாலத்தின் மேல் வண்டிகள் நின்றுவிட்டன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எத்தனை தடவை மணி பார்த்தேன் என்று தெரியாது. சிஸ்டருக்கு போன் செய்தால் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் பிரசவம் ஆகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமா, கையில் வேலை இருக்கிறது என்று மட்டும் அர்த்தமா? மூன்று பாட்டில் ரத்தம் என்று தையல்காரர் சொன்னது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்று கேட்டேன். "ஓடி எங்க போவ சார்? இதோ நவுருது பாரு" என்றார் டிரைவர். நகர்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பதினொன்று பத்து. ஓட்டமாக ஓடிப் பெட்டியை சிஸ்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, திறந்து, அட்டையைப் படித்து, தேதி பார்த்து, ஐஸ் பேக்கைத் தொட்டுப் பார்த்து, அதன் பிறகுதான் தலையை ஆட்டினார். கதவு மூடியது. பதினொன்று முப்பத்தைந்துக்குக் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டதும் நான் என் மேஜைக்குப் போய்விடுவேன். என் கணக்கில் அத்தோடு முடிந்தது. அன்றைக்குப் போகவில்லை. தையல்காரரோடு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். அவருக்கும் எனக்கும் ஒரே பயம். ஆனால் என் பயத்தின் காரணம் அவருக்குத் தெரியாது. ஆயாம்மா வந்து பெண் குழந்தை என்றார். தையல்காரர் அல்லாவுக்கு நன்றி சொன்னார், சிரித்தார், ஆனால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. கதவின் இடுக்கில் பார்த்தபோது சிஸ்டர் அந்தப் பெண்ணின் வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். கால் மணிக்கு ஒரு தரம் பார்த்தார், கேஸ் ஷீட்டில் எழுதினார்.

"சார், போன தடவை இந்நேரத்துக்கு எல்லாரும் ஓடினாங்க" என்று தையல்காரர் என் காதருகில் குனிந்தார். "இன்னிக்கு யாருமே ஓடலை. எங்கிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?"

என்னைப் போய்க் கேட்டார் பாருங்கள். "இல்ல பாய்" என்றேன். "ஓடறதுக்கு ஒண்ணும் இல்லாததாலதான் யாரும் ஓடலை."

ஒன்றே முக்கால் மணி வாக்கில் டாக்டரம்மா வெளியே வந்தார். ரத்தப்போக்கு சாதாரணமாகத்தான் இருக்கிறது, ரிசர்வ் செய்த ரத்தம் தேவைப்படாது என்று நினைக்கிறேன், இருந்தாலும் இன்று முழுக்கப் பார்த்துக்கொள்வோம் என்று தையல்காரரிடம் சொன்னார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, பையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவர் அழுதார். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் அவரோடு சேர்ந்து அழும் தகுதி எனக்கு இல்லை என்று எழுந்து போய்விட்டேன்.

பழைய மருந்தே வேலை செய்திருக்குமோ என்று இப்போதும் சில சமயம் யோசிப்பேன். செய்திருக்கலாம். புது ஊசி போடாமலேயே அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். தெரியாது. இந்தக் கதையில் கடைசி வரை ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக அத்தனை பேர் அத்தனை கட்டத்தில் எண் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எழுதுவதை வெறும் சம்பிரதாயம் என்றும், பூஜையை வேலை என்றும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சீனியர் சிஸ்டர் என் மேஜைக்கு வந்தார். கையில் டெம்பரேச்சர் நோட்டு. பிரித்து என் முன்னால் வைத்தார். நாலு. அஞ்சு. என் கையெழுத்து. ஃப்ரிட்ஜ் நின்றுபோனதைச் சொன்னவன் இதைச் சொல்லவில்லை. அவமானம் என்றால் என்ன என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மேஜையில் இருந்த ஒயிட்னரை நான் எடுக்கப் போனபோது மட்டும் அதைத் தள்ளி வைத்தார்.

"அழிக்கக் கூடாது சார். ஒரே ஒரு கோடு போட்டு அடிங்க. அடிச்சது படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல நடந்ததை எழுதி உங்க கையெழுத்துப் போடுங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் பண்றோம்."

கோடு போட்டேன். 'பிளக் எடுக்கப்பட்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கு 28' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றே நானே ஓர் ஆணி அடித்து நோட்டை ஃப்ரிட்ஜின் பக்கத்தில் மாட்டினேன், நூலில் பேனா கட்டினேன். டாக்டரம்மாவிடம் போய் அந்த இரண்டு எண்களைப் பற்றியும் சொன்னேன். "சிஸ்டர் சொல்லிட்டா. நீங்களா வந்து சொல்றேளான்னு பார்த்துண்டிருந்தேன்" என்றார்.

அடுத்த வருடங்களிலும் ஆயுத பூஜை நடந்தது, ஏற்பாடு நான்தான். ஃப்ரிட்ஜுக்குச் சந்தனப் பொட்டு உண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே வைப்பேன். எல்லா நோட்டும் மேஜைக்குப் போகும், அது மட்டும் ஆணியிலேயே இருக்கும். கேஸ் ஷீட்டைத் தவிர, சரஸ்வதி பூஜையன்று ஆஸ்பத்திரியில் நோட்டில் எழுதும் ஒரே ஆள் நான். தையல்காரரின் மகளுக்கு இப்போது மூன்று வயது, விஜயதசமிக்கு விஜயதசமி அவளைத் தூக்கிக்கொண்டு அவர் ஸ்வீட் பெட்டியோடு வருவார். "எல்லாம் ரெடியா இருக்குன்னு அன்னிக்கு தைரியம் சொன்னது இவருதான்" என்று மகளிடம் என்னைக் காட்டுவார். முதல் வருடமே அவரை உள்ளே கூப்பிட்டு, நோட்டின் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடித்த கோட்டின் மேல் விரலை ஓட்டிப் படித்தார். "ஆனா அப்புறம் லேபர் ரூம் கதவைத் தட்டினீங்கல்ல சார்" என்றார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் வருகிறார். அவர் மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் போன பிறகு அந்த நோட்டை எடுத்துப் பார்க்கிறேன், கோட்டுக்கு அடியில் அந்த நாலையும் அஞ்சையும் இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது.